உலர் அறையில் ஓர் ஆள் கூடுதல்

எங்கள் அண்ணிக்கு உலகத்திலேயே பிடித்த இடம் எது என்று கேட்டால், ஜன்னல் இல்லாத ஒரு வெள்ளை அறை என்று சொல்வேன். அங்கே எந்நேரமும் காற்று மெஷின் உறுமும். உள்ளே ஒரு மணி நேரம் நின்றால் உதடு வெடிக்கும், கண் எரியும், ஒத்துக்கொள்ளாத உடம்பென்றால் மூக்கில் ரத்தம் கசியும். இதன்மேலா ஒருத்திக்குப் பிரியம் என்று கேட்பவர்கள் ஒரே ஒரு நாள் எங்கள் வீட்டில் அண்ணியின் இடத்தில் இருந்து பார்க்கட்டும். மறுநாள் விடிந்ததும் அவர்களே அந்த அறை வாசலில் வந்து நிற்பார்கள்.

அதற்கு உலர் அறை என்று பெயர். நாங்கள் வேலை பார்க்கிற கம்பெனி, பேட்டரிக்கு உள்ளே வைக்கும் பிலிம் செய்கிறது. பேட்டரி என்றால் வண்டி பேட்டரி இல்லை. காது கேட்கும் கருவி, கைக்கடிகாரம், நோயாளியின் மார்பில் ஒட்டுகிற பட்டை, இந்த மாதிரி சின்னச் சின்ன மின்னணு சாமான்களுக்கானது. பேட்டரியின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே அயனிகள் என்கிற மின்துகள்கள் போய்வர ஒரு வழி வேண்டும். பழைய பேட்டரிகளில் அதற்குத் திரவம் ஊற்றியிருப்பார்கள். அது ஒழுகும், சூடேறினால் தீப்பிடிக்கும். நாங்கள் திரவத்துக்குப் பதிலாகப் பாலிமர் பிலிம் கொடுக்கிறோம். பார்வைக்கு, புதுச் சாமான்மேல் சுற்றி வருகிற பிளாஸ்டிக் தாள் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதற்குள் லித்தியம் உப்பு கலந்திருக்கிறது, அயனிகள் அதன் வழியாகத்தான் போய்வருகின்றன.

அந்த உப்புக்கு ஒரே ஒரு கெட்ட குணம், தீராத தாகம். சாதாரண அறையில் மூடியைத் திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டுச் சற்று நேரத்தில் குழைந்துபோய் உட்கார்ந்துவிடும். அதனால்தான் உலர் அறை. காற்றைப் பிழிந்து பிழிந்து ஈரமே இல்லாமல் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட அறைக்குள் போகிற பெரிய ஈரம் எது தெரியுமா? மனுஷன்தான். மூச்சு விட்டால் ஈரம், வியர்த்தால் ஈரம், தும்மினால் கேட்கவே வேண்டாம். தலை காயாமல் உள்ளே போகக்கூடாது. சளி பிடித்தவர் போகக்கூடாது. அவசியமில்லாமல் வாயைத் திறந்து பேசக்கூடாது. அங்கிருக்கும் மெஷினுக்கு நாலு பேருடைய ஈரத்தை இழுக்கத்தான் சக்தி, ஆகவே வாசலில் நாலு கொக்கி. உள்ளே போகிறவர் தன் பெயர் எழுதிய வில்லையை ஒரு கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். நாலும் நிறைந்துவிட்டால் முதலாளியே வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும்.

அண்ணி முதலில் பேக்கிங்கில் இருந்தாள். உலர் அறை கட்டி முடித்தபோது உள்ளே வேலை செய்ய ஆள் கேட்டார்கள். ஆளாளுக்கு நழுவினார்கள். முடி கொட்டுமாம், தோல் உரியுமாம் என்று கண், காது, மூக்கு வைத்துக் கதை பரவியிருந்தது. அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம், உள்ளே போன் கொண்டுபோகலாமா என்று. கூடவே கூடாது என்றார்கள். அப்படியானால் நான் போகிறேன் என்று கை தூக்கிவிட்டாள். இதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணன் லிப்ட் பழுது பார்க்கிறவன். முதுகில் அடிபட்டதிலிருந்து வீட்டோடு இருக்கிறான். அடி முதுகுக்குத்தான், தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியைத் தலையிலேயே ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடி எங்கே என்று அண்ணியைக் கூப்பிடுவான். அப்பாவுக்குக் காது மந்தம். தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்காது என்ற நினைப்பில் கத்துவார். அண்ணன் மகன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறான், கட்டிலில் படுத்தபடியே தேடுகிறான். அப்புறம் நான். கட்டியவனோடு சரிப்பட்டு வராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னறையில் இருப்பவள். என் துணியை நானே துவைத்துக்கொள்வேன், கண்ணில் பட்ட பாத்திரத்தைக் கழுவி வைப்பேன். ஆனால் எனக்கு ஷிப்டு மாறி மாறி வரும், பாதி நாள் பகலில் செத்த பிணம் மாதிரி தூங்கிக்கொண்டிருப்பேன். மீதி அத்தனையும் அண்ணி தலையில்தான்.

காலையில் கண் விழித்ததிலிருந்து அவளை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். “ஏய்” ஒரு பக்கம், “அம்மா” ஒரு பக்கம், “மருமகளே” ஒரு பக்கம். கம்பெனிக்குக் கிளம்பிப் பஸ்ஸில் ஏறினால் போன் அடிக்கும். கேஸ் அடுப்பை அணைத்தாளா என்று அண்ணன் கேட்பான். எழுந்து நாலடி நடந்து பார்த்தால் தெரிந்துவிடும், அதற்கு ஒரு போன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குனியக் குனியக் குட்டத்தான் செய்வார்கள், ஒரு நாளாவது நிமிர்ந்து நில்லுங்கள் அண்ணி என்று பலமுறை கத்தியிருக்கிறேன். அவள் அலுப்பாகச் சிரிப்பாள். நிமிர்வதற்கும் தெம்பு வேண்டுமே, அதற்கு எங்கே போவது என்பாள்.

உலர் அறையில் அவள் வேலை பிலிம் இழுப்பது. பாலிமர் பொடியையும் உப்பையும் கரைப்பானில் போட்டுத் தேன் பதத்துக்குக் கலக்கித் தருவார்கள். அதை மேஜைமேல் இருக்கும் தகட்டில் ஊற்றி, நேரான இரும்புப் பட்டையால் ஒரே சீராக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுக்க வேண்டும். நடுவே கை நின்றால் நின்ற இடத்தில் கோடு விழும், அந்தத் துண்டே வீண். அண்ணிக்குக் கை நிற்காது. மெஷின் இழுக்கிற பெரிய சுருள்கள் வேறு. இது சின்ன அளவில் விசேஷமாகச் செய்கிற சரக்கு. அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே விளக்கு மேஜையில் உட்கார்ந்து, காய்ந்து வந்த பிலிமில் குமிழி, கோடு, தூசி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். என் எதிரே சுவரில் ஈர மீட்டர். உள்ளே ஈரம் ஏறினால் எண் ஏறும், சிவப்புக் கோட்டைத் தாண்டினால் மணி அடிக்கும்.

உள்ளே இருப்பவர்களுக்குப் பகல் ஷிப்டு மட்டும்தான். அதனால் எனக்கும் அந்த இடத்தின் மேல் ஒரு கண். நாலு பேரில் ஒருவரான நெட்டை, வேறு வேலை கிடைத்து மாதக் கடைசியோடு போவதாக இருந்தார். அடுத்த இடம் உனக்குத்தான் என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்லியும் விட்டார். அவரை எல்லோரும் கொட்டாவி என்போம், ஏன் என்று அவரோடு ஐந்து நிமிடம் பேசினால் தெரியும். இரவில் படுத்து, காலையில் எழுந்து, மனுஷி மாதிரி வாழப்போகிறேன் என்று நான் கனவு கண்டுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஓர் அதிசயம் நடந்தது. சோதனைப் பிரிவிலிருந்து சேதி வந்தது, எங்கள் பிலிமில் அயனிகள் முன்னைவிட வேகமாக ஓடுகின்றனவாம். எந்த மாற்றமும் செய்யாமலேயே சரக்கு தேறிவிட்டது. கொட்டாவி வாயெல்லாம் பல்லாக இனிப்பு கொடுத்தார். மேலிடம் அவரைப் பாராட்டியது. நாங்களும் ஆளுக்கு இரண்டாக எடுத்துத் தின்றோம்.

தின்றது செரிப்பதற்குள் வந்தது வினை. பிலிமை வாங்கிப் பேட்டரி செய்தவர்கள் ஒரு பெட்டி நிறையத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு பேட்டரியும் வயிறு உப்பிக் கிடந்தது. பிலிமுக்குள் கொஞ்சமாக ஈரம் போனால் அப்படித்தானாம். ஈரத் தரையில் கால் வழுக்குகிற மாதிரி அயனிகள் முதலில் சுலபமாக ஓடும், சோதனையில் நல்ல எண் வரும். பிறகு அதே ஈரம் உள்ளே வாயுவாகிப் பேட்டரியையே கெடுத்துவிடும். நல்ல சேதி என்று நாங்கள் இனிப்பு தின்றது அந்த ஈரத்துக்குத்தான். எண் நன்றாக இருந்ததால் எவரும் சந்தேகப்படவில்லை. மீட்டர் அவ்வப்போது ஏறி இறங்கியதையும், மணிதான் அடிக்கவில்லையே என்று விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து கசிவு எங்கே என்று வேட்டை ஆரம்பித்தது. எங்கள் கம்பெனி மெக்கானிக்கை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், அந்த மெக்கானிக் அண்ணன் கதவு ரப்பரை மாற்றினார். கூரைத் தகடுகளைக் கழற்றி ஒவ்வொரு இணைப்பிலும் பசை பூசினார். காற்று மெஷினைப் பிரித்துப் பூட்டினார். மாற்றிவிட்டு இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் எண் ஏறும். அதற்கு நேரமும் கிடையாது காலமும் கிடையாது. கொட்டாவி அவரை விரட்ட, அவர் என்னைப் பார்த்து, பட்டாசு, நீ உள்ளேயிருந்து பிலிம் வாங்குகிற சுவர்ப் பெட்டியின் கதவைச் சரியாக மூடுவதில்லையா என்றார். பட்டாசு என்பது எனக்கு அங்கே இருக்கிற பெயர். பெயருக்குக் குறைவில்லாமல் வெடித்துவிட்டேன். பாவம், அந்த மனுஷர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். சட்டை முதுகெல்லாம் பசை.

அந்த வாரமும் அடுத்த வாரமும் எனக்குப் பகல் ஷிப்டு. பிலிமையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய் நிமிர்ந்தேன். எதிரே மீட்டரில் எண் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் பார்த்தேன். அண்ணி பட்டையைப் பாதியில் நிறுத்தியிருந்தாள். ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள். முகமூடிக்கும் தலைமூடிக்கும் நடுவே தெரிந்த கொஞ்சம் முகம் செக்கச் செவேலென்று இருந்தது, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. வியர்க்கவே வழியில்லாத குளிர்ந்த அறை அது. கொஞ்ச நேரத்தில் அவள் நிமிர்ந்து நின்றாள். எண்ணும் மெல்ல மெல்ல இறங்கியது.

கொஞ்ச நாளாக வீட்டில் பார்த்ததெல்லாம் ஞாபகம் வந்தது. பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கண் மூடி நிற்பாள், கரண்டு பில் யார் கட்டுவது என்று அண்ணன் கத்துவான். எல்லோரும் போர்த்திக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் விசிறிக்கொண்டிருப்பாள். மறுநாளும் கவனித்தேன். அவள் கை நின்றது, எண் ஏறியது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான், எல்லோரும் கூரையில் தேடிய கசிவு மேஜை முன்னால் நின்று வேலை செய்துகொண்டிருந்தது.

அன்று மாலை அண்ணி பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். டீயை வேண்டாம் என்று சொல்கிற பிறவி இல்லை அவள். அவள் உதட்டைப் பார்த்தேன், பாளம் பாளமாக வெடித்திருந்தது.

“அண்ணி, உடம்பு திடீர்னு திகுதிகுன்னு எரியுதா உங்களுக்கு?”

“வயசு அப்படி. எல்லாருக்கும் வர்றதுதான்.”

“ரூம்ல இருக்கும்போதும் வருதா?”

பிழிந்துகொண்டிருந்த துண்டு அவள் கையிலேயே நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“உனக்கும் தெரிஞ்சுபோச்சா?”

அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. உள்ளேயும் ஒரு சின்ன மீட்டர் உண்டு. ஒவ்வொரு முறை உடம்பு எரியும்போதும் அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். யாரிடம் சொல்வது? மூன்று ஆண்களோடு உள்ளே நின்றுகொண்டு, மாதவிடாய் நிற்கிற வயசு, அதனால் எரிகிறது, வியர்க்கிறது என்று சொல்லவா முடியும்? தானாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்துவிட்டாள். காலையில் எழுந்ததிலிருந்து சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது அவள் கணக்கு. வருஷக் கணக்கில் உப்பையும் பிலிமையும் உலர்த்தி உலர்த்தி, கடைசியில் தன்னையும் அதுபோல உலர்த்திவிடலாம் என்று நினைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். உங்களுக்கு மூளை இருக்கிறதா, சிறுநீரகம் போனால் யார் பார்ப்பது, இந்த வீட்டு ஜனங்களா என்று கேட்டேன். திட்டி முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள்.

“அந்த ரூம்ல மட்டுந்தான் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. அதுவும் போச்சுன்னா எனக்குன்னு வேற எடம் இல்ல.”

டீ டம்ளரைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தேன். கொஞ்சநாளில் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள், மாதக் கடைசிவரை யாரிடமும் சொல்லாதே என்று கேட்டாள். பிறகு அவளே சிரித்தாள். “அப்புறம் நீயும் உள்ள வந்துடுவ. நீ வாயை மூடிக்கிட்டு வேலை செய்யறதைப் பார்க்கவாவது நான் அங்க இருக்கணும்.” தண்ணீர் குடித்தால்தான் நான் வாய் திறக்கமாட்டேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள். உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள், டீ ஆறிப்போய் அங்கேயே இருந்தது.

அவள் தலையாட்டியது பொய். வீட்டில் என் கண்முன்னால் டம்ளரை வாயில் வைப்பாள், நான் திரும்பியதும் ஊற்றிவிடுவாள். அடுத்த வாரத்தில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவள் பிலிம் இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சிவந்தது. எண் ஏறியது. இந்த முறை அவள் கையை நிறுத்தவில்லை. கோடியிலிருந்து கோடிவரை இழுத்தாள். பட்டையை அதன் தாங்கியில் ஒழுங்காக வைத்தாள். பிறகு மேஜையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டாள்.

நெட்டைதான் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். முதலுதவி அறை நர்ஸ் அவள் நாக்கைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். நேற்று ராத்திரியிலிருந்து ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன். வாக்குக் கொடுத்தேன்தான், ஆனால் ஆளே போய்விட்டால் வாக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நர்ஸ் எங்கள் இருவரையும் சேர்த்து ஒரு பாட்டம் திட்டிவிட்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். நெட்டை ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் அண்ணன் வாசலில் வந்து நின்றார். அண்ணியை வெளியே தூக்கி வந்ததும் எண் மளமளவென்று இறங்கியதை அவர் பார்த்திருக்கிறார். நர்ஸ் சொன்னதையும் கேட்டார். அங்கே கிடந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அப்ப என் கதவு நல்லாத்தான் இருக்குது.” கோபமாகச் சொல்லவில்லை. அவ்வளவு களைப்பாக ஒருத்தர் ஒரு நல்ல சேதியைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் கொட்டாவியின் அறையில் எல்லோரையும் கூப்பிட்டார்கள். அண்ணி, நான், நர்ஸ், மெக்கானிக் அண்ணன். கொட்டாவி கெட்டவர் இல்லை. ஆனால் விஷயத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தார். ஏதோ உடம்புக் கோளாறு என்று கேள்விப்பட்டேன் என்றார். கோளாறு இல்லை, மாதவிடாய் நிற்கிற காலம், உங்கள் வீட்டிலும் வரும், சிலருக்குச் சில மாதம், சிலருக்கு வருஷக் கணக்கு என்று நர்ஸ் பச்சையாகச் சொல்லிவிட்டாள். கசிவு அங்கேதான் இருக்கிறது என்பதுபோல அவர் கூரையைப் பார்த்தார். பிறகு அண்ணியைத் திரும்பப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். லாரி வந்து நிற்கிற வாசல் பக்கம், காற்றோட்டமாக இருக்கும், எவ்வளவு வேண்டுமானாலும் தண்ணீர் குடிக்கலாம். போனும் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று சலுகை மாதிரி சேர்த்துக்கொண்டார்.

“சரி சார்” என்றாள் அண்ணி.

அந்த ‘சரி’ எனக்குத் தெரியும். வீட்டில் நாள் முழுக்கக் கேட்கிறேன். துணி சரி, சாப்பாடு சரி, கண்ணாடி சரி, முதுகுக்கு எண்ணெய் சரி. அதே குரலில் இங்கேயும் ஒரு சரி. எனக்குப் பொறுக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது.

“அவங்கள ஒரு ஆளா எண்ணினீங்களே சார், அதுதான் தப்பு. ரெண்டு ஆளா எண்ணுங்க. ரெண்டு வில்லை மாட்டிட்டு உள்ள போகட்டும்.”

கொட்டாவிக்குப் பாதியில் வந்த கொட்டாவி அப்படியே நின்றது. மெக்கானிக் அண்ணன் விரல் விட்டு எண்ணினார். நெட்டை போகிறார், மீதி மூன்று பேர், அதில் இவர் ஒருவரே இரண்டு ஆள் என்றால் நாலு. மெஷின் நாலு ஆளுக்கு நிச்சயம் தாங்கும் என்றார். இத்தனை நாள் உள்ளே இருந்தது நாலு ஆள் இல்லை, ஐந்து ஆள், அதுதான் கோளாறு. சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நர்ஸும் பார்த்தாள். அண்ணி பார்த்த பார்வைதான் என்னை உலுக்கியது.

“அப்படின்னா உனக்கு எடம் இல்லையேம்மா” என்றார் கொட்டாவி.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் வாய் இருக்கிறதே, அதுதான் எனக்கு முதல் சத்துரு. இனி சொன்னதை விழுங்கவா முடியும்? இல்லாவிட்டால் போகிறது சார் என்றேன். பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்றைக்குக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு என்னையே நன்றாகத் திட்டிக்கொண்டேன், கொஞ்சம் அழுதேன். இனி எத்தனை வருஷம் இந்த ராத்திரி ஷிப்டோ தெரியவில்லை. வேண்டாம், நான் பேக்கிங்குக்கே போகிறேன் என்று அண்ணி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். வாயை மூடுங்கள் என்று ஒரே போடாகப் போட்டேன்.

கொட்டாவி ஒரு வாரம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை. இடைவேளைக்கு இடைவேளை அண்ணி நர்ஸ் முன்னால் நின்று தண்ணீர் குடிக்க வேண்டும். நெட்டை விடைபெற்றுப் போன மறுநாள், மெக்கானிக் அண்ணன் தகரத்தை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, புதிதாக ஒரு வில்லை கொண்டுவந்தார். அதில் பெயர் எழுதவில்லை. என்ன எழுதட்டும் என்று கேட்டார். அண்ணி விழித்தாள். அவள் பெயரையே எழுதுங்கள் என்றேன். ஒரே பெயர் எழுதிய இரண்டு வில்லைகளை அண்ணி பக்கத்துப் பக்கத்துக் கொக்கிகளில் மாட்டினாள். வழி விடுங்கப்பா, ரெண்டு ஆளு வர்றாங்க என்று உள்ளே போகிற இருவரில் ஒருவர் கேலி செய்தார். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கதவு மூடிக்கொண்டது.

நான் பிலிமைப் பார்க்கவே இல்லை, மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் அண்ணனும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நடுக்காலையில் அண்ணிக்கு முகம் சிவந்தது. எண் ஏறியது, ஏறி, முன்னைப்போலக் கோட்டை நெருங்காமல் வெகு கீழேயே நின்று, பிறகு இறங்கியது. அவள் கை நிற்கவில்லை. அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வாரம் முழுக்க அப்படியே. சோதனைப் பிரிவிலிருந்து, அயனிகள் பழையபடி மெதுவாக ஓடுகின்றன என்று சேதி வந்தது. இனிப்பு எதுவும் கொடுக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம். எனக்கு ராத்திரி ஷிப்டு, கிளம்பிக்கொண்டிருந்தேன். அண்ணி வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த சத்தம் கேட்டிருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் என்று உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். அப்பாவுக்கு டீ. மகனுக்கு சார்ஜர் காணோம். அண்ணி இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள்.

தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். இரண்டு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் இரண்டு கையிலும் கொடுத்தேன்.

“எனக்கு எங்க?” என்று அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். “அவளுக்கு எதுக்கு ரெண்டு?”

“அவங்க ரெண்டு ஆளுண்ணே. கம்பெனியில எண்ணிப் பார்த்துச் சொல்லிட்டாங்க. இந்த வீட்டுலதான் இத்தனை வருஷமா யாரும் எண்ணவே இல்ல.”

என்ன சொல்கிறாள் என்று அப்பா கத்திக் கேட்டார். யாரும் அவருக்குத் திருப்பிச் சொல்லவில்லை. அண்ணி முதல் டம்ளரை மூச்சு விடாமல் குடித்தாள். இரண்டாவதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே கண்ணை மூடினாள். அண்ணன் அவளைப் பார்த்தான். இடுப்பைப் பிடித்தபடியே உள்ளே போனான். பிறகு சமையலறையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நாளைக்கும் அவனே திறப்பானா என்று எனக்குத் தெரியாது. அண்ணி மடியிலிருந்த டம்ளரைச் சாயாமல் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.